கதவை ஊடுருவும் ஆவிக்குச் சாவி எதற்கு? ஓர் அமானுஷ்ய மர்ம நாவல் தந்த ஏமாற்றம்

தேய்பிறை:

அண்மையில் படித்து முடித்த ஓர் அமானுஷ்ய மர்ம நாவல் எனக்குப் பெருத்த ஏமாற்றத்தைத் தந்துவிட்டது. ஏமாற்றத்தின் காரணம் முழுதாகப் பிடிபடாததால் இங்கே கேட்கிறேன். இனிமேல் படிக்கப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பாமல் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். படித்தவர்கள் எளிதில் கண்டுகொள்வீர்கள்.

கதை இதுதான். மலைச்சரிவில் தனித்து நிற்கும் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் வீட்டுக்காரர் இறந்து கிடக்கிறார். கதவு பூட்டியிருக்கிறது, அறைச் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதே அறையில் பல ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய மகள் இறந்திருக்கிறாள். மாடிப்படியில் ஈரக் காலடித் தடங்கள் மேலே ஏறிச் செல்கின்றன. இறங்கி வந்ததற்கு அடையாளம் இல்லை. படித் திருப்பத்தில் நிற்கும் பெரிய ஊசல் கடிகாரம் சில இரவுகளில் ஒன்பது நிமிடம் பின்தங்குகிறது. மேசை இழுப்பறையில் துணியில் சுற்றி வைத்திருந்த மாற்றுச் சாவி, மரணத்துக்கு முன்பாகக் காணாமல் போய், இரண்டு நாள் கழித்து எண்ணெய்ப் பிசுபிசுப்போடு அதே துணிக்குள் திரும்ப வந்து கிடக்கிறது. இந்தச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு, துப்பறியும் பெண்மணி நான்கு அத்தியாயங்களுக்கு வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். அந்தப் பகுதி மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். துணியின் மடிப்பு மாறியிருந்ததை அவர் கவனிக்கும் இடத்தில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? மகளின் ஆவி மூடிய கதவை ஊடுருவிச் சென்று தந்தையைப் பழிவாங்கியது என்று ஒரே அத்தியாயத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கதவை ஊடுருவிச் செல்லும் ஆவிக்குச் சாவி எதற்கு? நான்கு அத்தியாயங்களுக்கு நடந்த விசாரணை எதற்காக? இதை நண்பர்களிடம் சொன்னால், "பேய்க் கதையை எடுத்துவிட்டுப் பேய் வரக்கூடாது என்றால் எப்படி?" என்று சிரிக்கிறார்கள். பேய் வந்தது என் குறையே அன்று. பேய்க் கதைகளை விரும்பித் தேடிப் படிக்கிறவன் நான். வேறு ஏதோ ஒன்று முறிந்திருக்கிறது. அது என்ன என்பதே என் முதல் கேள்வி. அதே துப்பறிவாளரை வைத்து இரண்டாம் பாகமும் வரவிருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அதைப் படிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

நூலகவாசி:

உங்கள் கேள்விக்கு வயது அதிகம். துப்பறியும் கதைகளை எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார், அத்தகைய கதைகளுக்கான பத்து விதிகளை 1929-இல் வெளியிட்டார். இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்குக் கதையில் இடமே இல்லை என்பது அவற்றில் இரண்டாவது. கண்ணுக்குத் தெரியாத உலகத்தை நம்புவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் அதைத் துப்பறியும் கதையிலிருந்து விலக்கி வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். தடயங்களைச் சேர்த்து வைத்து வாசகர் யோசிக்கிறார். அந்த யோசனையால் எட்டவே முடியாத ஒன்றை விடையாகக் கொடுத்தால் அவருடைய உழைப்பு வீணாகிறது. விதியின் நோக்கம் அவ்வளவுதான்.

ஆனால் விதியைக் காட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உங்கள் சாவிக்கு நேர் விடையாக இருக்கும். ஆர்தர் கானன் டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராக வந்தது. ஒரு குடும்பத்தையே தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் பேய் நாய் என்பதுதான் அதன் அச்சம். கதையின் தொடக்கப் பகுதியில், லண்டன் விடுதி ஒன்றில் வாரிசின் புதிய காலணிகளில் ஒன்று காணாமல் போகிறது. பிறகு பழைய காலணி ஒன்று காணாமல் போகிறது. புதியது அறையிலேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது. படிக்கும்போது அசட்டுத்தனமான சம்பவமாகத் தோன்றும். ஆனால் ஹோம்ஸுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஒருமுறையும் அணியாத புதிய காலணியில் மனித வாடை இருக்காது. அதனால்தான் திருடியவருக்குப் பழையது தேவைப்பட்டது. வாடை பிடித்துத் துரத்தும் நாய் என்றால் அது இரத்தமும் சதையும் உள்ள நாய்தான். பேய் நாய்க்குக் காலணி எதற்கு?

உங்கள் நாவலின் சாவியும் இதே வேலையைச் செய்ய வந்த பொருள்தான். சாவியைத் தேடியவர் கதவைத் திறக்க வேண்டிய ஒருவர், அதாவது உடம்புள்ள ஒருவர் என்று அது உரக்கச் சொல்கிறது. நீங்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டீர்கள். ஆசிரியரோ இறுதி அத்தியாயத்தில் அப்படி ஒரு சாவியையே தாம் வைக்காததுபோல நடந்துகொள்கிறார். முறிந்தது எது என்று கேட்டீர்கள் அல்லவா? தாம் கொடுத்த தடயத்துக்கு அவரே கட்டுப்படவில்லை. முறிவு அங்கேதான் நேர்ந்திருக்கிறது என்பேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாயில் தம் வாழ்க்கையில் ஆவிகளை நம்பியவர். பிற்காலத்தில் அதற்காக மேடை மேடையாகப் பேசியவர். இருந்தும் ஹோம்ஸின் வழக்குகளுக்குள் ஆவிகளை அவர் அனுமதிக்கவில்லை.

குறுக்குச்சுவர்:

எல்லாம் சரி, பின்னட்டையில் என்ன எழுதியிருந்தது? "கொலையாளியை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?" என்பதுபோல ஏதாவது இருந்திருக்கும். பதிப்பகத்தார் விற்றது துப்பறியும் நாவல், ஆசிரியர் எழுதியது பேய்க் கதை, நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் நீங்கள். பின்னட்டைக் குறிப்பை நம்பிப் புத்தகம் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். இறுதி அத்தியாயத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வாங்குவேன். இதைச் சொன்னால் இங்கே பலர் என்னை அடிக்க வருவீர்கள் என்பதும் தெரியும்.

மணல்கடிகாரம்:

நண்பர் தேய்பிறை குறிப்பிடும் நாவலைப் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆகவே எதிர்த்தரப்பில் நின்று சில சொற்கள்.

முதலில், நாக்ஸின் விதியைக் கொண்டு இந்த நாவலை அளப்பது பொருந்தாது. அமானுஷ்ய மர்மம் என்ற வகையே அந்த விதியை மீறிப் பிறந்தது. இது இயற்கையா, அப்பாற்பட்டதா என்று வாசகரைத் தயங்க வைப்பதே இத்தகைய எழுத்தின் உயிர் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் ட்ஸ்வெட்டான் தொதரோவ் 1970-இல் விரிவாகவே எழுதினார். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' இதற்குச் சிறந்த சான்று. அந்த வீட்டில் உலவுபவை உண்மையான ஆவிகளா, ஆசிரியையின் மனம் கலங்கியதன் விளைவா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. அங்கே எவரும் ஏமாற்றப்பட்டதாகப் புகார் சொல்வதில்லை.

இரண்டாவதாக, சாவி. மகள் உயிரோடு இருந்தபோது தந்தை அவளை அந்த அறையில் வைத்துப் பூட்டுவது வழக்கம் என்று ஏழாம் அத்தியாயத்தில் சமையல் செய்யும் அம்மாள் சொல்கிறாரே, நினைவிருக்கிறதா? உள்ளே செல்வதற்காக அந்த ஆவி சாவியை எடுக்கவில்லை. தனக்குச் செய்ததைத் தந்தைக்குத் திருப்பிச் செய்ய, அவரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்காக எடுக்கிறது. அப்படிப் படித்தால் அந்தச் சாவி நாவலிலேயே மிகக் கொடூரமான பொருளாக மாறிவிடுகிறது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். இந்த வகையைக் கையில் எடுத்த வாசகரும் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கிறது.

தேய்பிறை:

நண்பர் மணல்கடிகாரத்தின் விளக்கம் அருமையாக இருக்கிறது. நாவலைவிட நன்றாக இருக்கிறது என்பதே எனக்குச் சிக்கல். அந்தச் சொற்கள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன? நான்கு அத்தியாயங்களுக்குச் சாவியைத் துருவிய துப்பறிவாளர், உண்மை தெரிந்த பிறகு அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. சமையற்கார அம்மாள் சொன்னதையும் சாவியையும் சேர்த்துப் பார்க்கும் ஓரிரண்டு வரிகள் இறுதியில் இருந்திருந்தால் நான் இந்தக் கேள்வியையே எழுப்பியிருக்க மாட்டேன்.

ஜேம்ஸ் கதையோடு ஒப்பிடுவதும் சரியாகப் படவில்லை. அங்கே இறுதிவரை தயக்கம் காப்பாற்றப்படுகிறது. இங்கே நானூறு பக்கங்களுக்குத் தயங்க வைத்துவிட்டு, கடைசியில் "ஆவிதான்" என்று முத்திரை குத்தி மூடிவிடுகிறார்கள். பிறகு மிச்சமிருக்கும் கேள்விகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? பூட்டுவதற்காகவே ஆவி சாவியை எடுத்தது என்று வைத்துக்கொண்டாலும், அதில் எண்ணெய் எப்படி வந்தது? கடிகாரம் ஏன் பின்தங்கியது? ஆவி வந்ததால் கடிகாரம் தடுமாறியது என்று சொல்லிவிடலாம். எதையும் அப்படிச் சொல்லிவிடலாம்.

அடிக்குறிப்பு:

"எதையும் அப்படிச் சொல்லிவிடலாம்" என்று நீங்கள் எழுதியது அறிவியல் புனைகதைக்காரர்களும் ஒரு காலத்தில் எதிர்கொண்ட குற்றச்சாட்டு. அறிவியல் புனைகதையும் மர்மக் கதையும் ஒட்டாது, நெருக்கடி வந்ததும் துப்பறிவாளர் புதிய கருவி ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார் என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் கருதினார். அது தவறு என்று காட்டுவதற்காகவே ஐசக் அசிமோவ் 1954-இல் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலைக் கொண்டுவந்தார். எதிர்காலத்தில் எது முடியும், எது முடியாது என்பதை முன்கூட்டியே வாசகரிடம் சொல்லிவிட வேண்டும், முடிச்சை அவிழ்க்கும்போது புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு. ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யாது என்ற கட்டுப்பாடு தொடக்கத்திலேயே தெரிந்திருப்பதால்தான் அங்கே விசாரணை சாத்தியமாகிறது. ஆவிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். சுவரை ஊடுருவுமா, பொருளைத் தூக்குமா, வீட்டைவிட்டு வெளியே வருமா என்ற மூன்றுக்கும் முதல் நூறு பக்கங்களுக்குள் விடை கிடைத்துவிட்டால், ஆவியே கொலையாளியாக இருந்தாலும் நாம் நியாயமாகத் தோற்றிருப்போம்.

ஏமாற்றம் எதிர்த்திசையிலும் வரும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆன் ராட்கிளிஃப் 1794-இல் எழுதிய 'உடால்போ'வில், கதாநாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மயங்கி விழுகிறாள். திரைக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதை ஆசிரியர் நாவலின் இறுதி நெருங்கும்வரை சொல்லாமல் இழுத்து, அது வெறும் மெழுகு உருவம் என்கிறார். அங்கே பேய் இல்லாமல் போனதால் சப்பென்று ஆகிவிட்டது. அமானுஷ்யமாகத் தோன்றியதற்கெல்லாம் கடைசியில் இயல்பான காரணம் சொல்லிவிடும் அவருடைய இந்த வழக்கத்தை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டே குறை கூறியிருக்கிறார்.

இப்போது உங்கள் கடிகாரத்துக்கு வருகிறேன். பேச்சைக் கேட்டு எனக்கும் நாவல் எதுவென்று விளங்கிவிட்டது. என்னிடம் பிரதி இருப்பதால் எடுத்துப் பார்த்தேன். கடிகாரம் பின்தங்கியதாக வரும் இரண்டு இரவுகளும், சாவி இழுப்பறையில் இல்லாதிருந்த இரண்டு இரவுகளும் ஒன்றே. ஊசல் கடிகாரத்தில் ஊசலின் எடை எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். லண்டனில் உள்ள பிக் பென் கடிகாரத்தின் ஊசல்மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைத்தால் அது ஒரு நாளில் 0.4 விநாடி வேகமாக ஓடும். நேரத்தைச் சரிசெய்ய அவ்வாறே வைக்கிறார்கள். மாறாக, ஊசல் குண்டுக்குக் கீழே எடையைத் தொங்கவிட்டால் கடிகாரம் மெதுவாகும். எடை குறைந்த மர ஊசலின் அடியில் கனமான இரும்புச் சாவி ஒன்று தொங்கினால் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் பின்தங்குவது நடக்கக்கூடியதே. சாவி கடிகாரப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று கொண்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்புக்கும் தனி விளக்கம் தேவையில்லை.

என் ஐயம் இதுதான். ஆசிரியர் மனிதக் கொலையாளி ஒருவரை வைத்தே இந்த நாவலைத் தொடங்கியிருக்கிறார்; தடயங்களையும் ஒழுங்காகப் பதித்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது ஆவியின் மேல் அவருக்கு மனம் போயிருக்க வேண்டும். முடிவை மாற்றியவர், பின்னால் சென்று தடயங்களை மாற்றவில்லை. கடிகாரத்துக்கு மாலைதோறும் சாவி கொடுப்பவர் யார் என்பதை ஐந்தாம் அத்தியாயத்தில் பாருங்கள்.

தேய்பிறை:

பார்த்தேன். அண்ணன் மகன்! அவன் படித் திருப்பத்தில் நின்று கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறக்கும் காட்சிக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. வருணனை என்று எண்ணி விரைவாகக் கடந்திருக்கிறேன். ஆனால் ஈரக் காலடிகள் இறங்காமல் நின்றதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

மணல்கடிகாரம்:

காலடிகளை என் ஆவிக்கே விட்டுவிடுங்கள். கடிகாரத்தை உங்கள் தரப்புக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நூலகவாசி:

இறங்கியவர் காலைத் துடைத்துக்கொண்டு இறங்கியிருக்கலாமே? மேல்படியில் கால்மிதி இருப்பதாக எங்காவது வருகிறதா என்று பிரதி வைத்திருப்பவர்கள் பாருங்கள். இரண்டாம் பாகத்தைப் பொறுத்தவரை, முதல் நூறு பக்கங்களுக்குள் ஆவியின் எல்லைகள் தெளிவாகின்றனவா என்று நண்பர் அடிக்குறிப்பு சொன்னதை நூலகப் பிரதியில் சோதித்துவிட்டு வாங்குங்கள்.