நம்ம வீடு குழு: ஞாயிறு கார் போகிறது, அடுத்தது எது?

பெரியண்ணன்: எல்லோருக்கும் ஒரு விஷயம். என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறார். முன்பணம் வந்தாயிற்று.

அக்கா: அய்யோ

நான்: நிஜமாகவா அண்ணா

அம்மா: யார் எடுக்கிறார்கள்? நன்றாக வைத்துக்கொள்வார்களா?

பெரியண்ணன்: அது இருக்கட்டும் அம்மா. அடுத்த காரை இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். குழந்தை பிறக்க இன்னும் 9 வாரம். மூத்தவளுக்கு 4 வயது. இரண்டு சீட் காரில் நான்கு பேர் போக முடியாது. அதற்காக ஓட்டுவதில் சுகமே இல்லாத காரையும் என்னால் வாங்க முடியாது. மூன்று யோசித்து வைத்திருக்கிறேன். பழைய பிஎம்டபிள்யூ எம்3 செடான், வி8 (எட்டு சிலிண்டர்). ஹோண்டா சிவிக் டைப் ஆர். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்.

அண்ணி: நான்காவது ஒன்று இருந்ததே

பெரியண்ணன்: போர்ஷே 911 வேண்டாம் என்றுதான் முடிவாகிவிட்டதே

அண்ணி: அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன்

அக்கா: சபாஷ்

சித்தப்பா: பெரியவனே, நிதானமாகப் படி. முதலில் பணம். உன் கையில் நூறு இருக்கிறது என்று வைத்துக்கொள். நூறையும் கொட்டிக் கார் வாங்காதே. எண்பதுக்கு வாங்கு, இருபதைத் தொடாமல் வை. பழைய வேகக் கார் பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்காக அதன் பிரேக் டிஸ்க்கும் கிளட்ச்சும் பாதி விலைக்கு வராது. எம்3யையே எடுத்துக்கொள். நீ சொல்கிற தலைமுறை 2007-ல் வந்தது. 4 லிட்டர் வி8, டர்போ கிடையாது, 420 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,300 சுற்று வரை ஏறும். அதன் பிறகு வந்த எம்3 எல்லாம் ஆறு சிலிண்டர் டர்போ. உனக்கு ஏன் ஆசை என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்த இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் தேயும். கார் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. விவரமான உரிமையாளர்கள் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் ஆக்சுவேட்டரும் கைவிடும். பேரிங் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை உன் கணக்கில் எழுதிக்கொண்டு விலை பேசு.

அம்மா: சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறேன்

அப்பா: சரி.

அக்கா: அப்பா எதற்குச் சரி சொன்னீர்கள்

அப்பா: பணத்துக்கு.

பெரியண்ணன்: சித்தப்பா, ரசீது இருக்கிறது என்று சொல்கிறார். இன்னும் காட்டவில்லை.

சித்தப்பா: காட்டிய பிறகு பேசுவோம்.

நான்: மின்சார கார் பார்க்கலாமே அண்ணா. ஹூண்டாய் ஐயோனிக் 5 என். பூஸ்ட் போட்டால் 650 குதிரைத்திறன். பின்சீட்டில் தாராளமாக இடம் இருக்கும். கியர் மாற்றுகிற மாதிரி உணர்வு, சத்தம், எல்லாம் வைத்திருக்கிறார்கள்

பெரியண்ணன்: உணர்வு மாதிரி வேண்டாம், உணர்வே வேண்டும்

நான்: ஓட்டாமலேயே சொல்கிறாய்

சித்தப்பா: சின்னவன் சொல்வதை ஒதுக்காதே, நல்ல கார் அது. ஆனால் எடை 2.2 டன். எம்எக்ஸ்-5 ஒரு டன் அளவுதான். நீ இத்தனை வருஷம் அந்த லேசான காரில் பழகியவன். வளைவில் அந்த எடையை உன் கை முதல் நாளே சொல்லிவிடும். டயரும் வேகமாகத் தேயும். வீட்டில் சார்ஜர் வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

அண்ணி: இல்லை. பொது பார்க்கிங்.

நான்: சரி விடுங்கள்

அத்தை: ஆளாளுக்கு ஒரு கார். எங்கள் அப்பா, உங்கள் தாத்தா கார் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எட்டு பேர் போவோம் அதில்

அம்மா: அந்தக் காரோடு மாமா நிற்கிற படம் யாரிடம் இருக்கிறது? சட்டம் போட்டது. நான் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்

அக்கா: அத்தை வீட்டில் பார்த்த ஞாபகம்

அத்தை: என்னிடம் இல்லை. வீடு மாற்றும்போது பெரிய அண்ணாதான் எடுத்துப் போனார்

அப்பா: படம் என்னிடம் இல்லை. காரே போன பிறகு படத்தை வைத்து என்ன செய்வது. விற்றவனிடம் கேள்.

அக்கா: அப்பா

அண்ணி: நாம் காருக்கு வரலாமா? நேற்று அளந்து பார்த்தேன். பின்னோக்கி வைக்கிற குழந்தை சீட் பின்சீட்டில் போட்டால் முன்சீட்டை நிறைய முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது. குழந்தை சீட்டுக்கான இப்போதைய ஐ-சைஸ் விதிப்படி 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. அதனால் பின்சீட்டில் குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அந்த சீட்டைப் போட்ட பிறகும் இவர் கால் மடங்காமல் ஓட்ட முடிகிறதா, அதுதான் எனக்கு முதல் கேள்வி. கதவு நான்கு வேண்டும். தூங்குகிற குழந்தையை முன்சீட்டைச் சாய்த்து உள்ளே நுழைக்க நான் தயாரில்லை.

அக்கா: இந்தச் செய்தியைக் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள்

பெரியண்ணன்: மூன்றுக்கும் நான்கு கதவு இருக்கிறது

அண்ணி: கோல்ஃப் ஆர், டிக்கிக் கதவையும் சேர்த்து மூன்று கதவுடனும் வந்தது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது விளம்பரம் அதுதான்

பெரியண்ணன்: கவனிக்கவில்லை. நீக்கிவிடுகிறேன்

சித்தப்பா: நன்றாகக் கேட்டாயம்மா. டைப் ஆர் 2022-ல் வந்ததுதானே? அதில் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம், நடுவில் உட்கார முடியாது. மொத்தம் நான்கு பேர். உங்களுக்குச் சரியாக இருக்கும், ஆனால் என் அண்ணனையோ அண்ணியையோ கூட்டிப் போக வேண்டுமென்றால் ஒருவர் இறங்க வேண்டும். கியர் மேனுவல் மட்டும்தான். 2 லிட்டர் டர்போ, நாட்டுக்கு நாடு 315 முதல் 330 குதிரைத்திறன் வரை. இதற்கு முந்தையது 2017-ல் வந்தது. அந்த பெரிய இறக்கையும் வெட்டு வெட்டான முகமும் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. இது அமைதியான முகம். கோல்ஃப் ஆர் என்றால் ஐந்து சீட், நான்கு சக்கர இழுவை, ஏழாவது தலைமுறையில் 300 குதிரைத்திறன். பக்கத்தில் நின்றாலும் சாதாரண கோல்ஃப் என்றுதான் நினைப்பார்கள். அது பிடிக்குமா பிடிக்காதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

பெரியண்ணன்: அங்கேதான் எனக்குச் சிக்கல் சித்தப்பா. மறைக்காமல் சொல்கிறேன். பார்க்க எப்படி இருக்கிறது என்பது எனக்கு முக்கியம். 16 வயதில் சுவரில் ஒட்டியிருந்த படம் எம்3. காரை நிறுத்திவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருக்க வேண்டும். அடுத்தவர் பார்ப்பதற்காக அல்ல, நான் பார்ப்பதற்காக.

அக்கா: எம்எக்ஸ்-5ஐ நீ திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும்

அம்மா: அவன் சின்னதிலிருந்தே அப்படித்தான்

அப்பா: குடும்பக்காரன் கார் பார்க்க கௌரவமாக இருக்க வேண்டும். பின்னால் இறக்கை எதற்கு?

நான்: இப்போது சின்ன இறக்கை அப்பா

சித்தப்பா: பார்க்க நன்றாக இருப்பதும் இடம் இருப்பதும் சேரவே சேராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1994-ல் ஆவ்டி, போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 என்று ஒரு வேகன், அதாவது கூரை பின்பக்கம் வரை நீண்ட கார், செய்தது. 315 குதிரைத்திறன், பின்னால் சாமான் வைக்க இடம். இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள். எம்3யே 2022-ல்தான் முதல் முறையாக வேகனாக விற்பனைக்கு வந்தது. உன் பட்ஜெட்டுக்கு எட்டாது, அதனால் அதைப் பேசவில்லை. 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ வெறும் 110 குதிரைத்திறன்தான். எடை குறைவு என்பதால் அதுவே பறந்தது, பின்சீட்டில் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

அத்தை: இவன் எழுதுவதைப் பார்த்தால் எனக்கே ஒன்று வாங்கத் தோன்றுகிறது. இவ்வளவு தெரிந்தவன் அப்பா காரை ஏன்டா கொடுத்தாய்

அண்ணி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அக்கா: அத்தை, இப்போது வேண்டாம்

சித்தப்பா: இல்லை, கேட்கட்டும். அக்கா, அண்ணா, என் கூடப்பிறந்த உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கியர்பாக்ஸ் போய்விட்டது. சரிசெய்ய ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டியது. பதினொரு மாதம் மரத்தடியில் நின்றது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். எலி ஒயரைக் கடித்தது, தரைத்தகடு துரு ஏறியது. இன்னும் ஒரு மழைக்காலம் நின்றிருந்தால் எடைக்குத்தான் போயிருக்கும். சரிசெய்து ஓட்டுகிறேன் என்று ஒருவர் வந்தார், கொடுத்துவிட்டேன். அண்ணாவிடம் கேட்காமல் கொடுத்தது என் தப்பு, அதை இன்றைக்கும் சொல்கிறேன். அந்த பதினொரு மாதத்தைப் பார்த்தவன் என்பதால்தான் இவனிடம் இருபதை ஒதுக்கி வை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அம்மா: இதை எங்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாமே

சித்தப்பா: யாரும் கேட்கவில்லை அண்ணி.

அப்பா: அதன் ஸ்பேர் சாவி என் மேசை டிராயரில் இருக்கிறது.

அத்தை: எனக்குத் தெரியாதே

அப்பா: யாருக்கும் தெரியாது.

நான்: நான் பார்த்திருக்கிறேன். எது என்று தெரியாமல் பேட்டரிப் பெட்டியைத் திறக்க எடுத்தேன்

அப்பா: வளைத்துவிடவில்லையே?

நான்: இல்லை அப்பா

பெரியண்ணன்: சித்தப்பா, பார்க்கப் போகும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

சித்தப்பா: இன்ஜின் ஆறியிருக்கும்போது போ. நீ வருவதற்கு முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேள். முதல் ஸ்டார்ட் சத்தத்தில்தான் நிறைய விஷயம் தெரியும். டயர் பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் நான்கு கம்பெனி, அதிலும் மலிவானது என்றால், பார்க்காத இடத்திலும் அவர் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். எம்3யில் முன்டயரும் பின்டயரும் வேறு வேறு அகலம், இடம் மாற்றிப் போட முடியாது, பின்டயர் தனியாகத் தேய்ந்து செலவு வைக்கும். டைப் ஆரில் நான்கும் ஒரே அளவு. கோல்ஃப் என்றால் கியர்பாக்ஸ் ஆயிலும் நான்கு சக்கர இழுவைக்கான ஹால்டெக்ஸ் ஆயிலும் மாற்றிய ரசீது கேள். எக்ஸாஸ்ட், ட்யூனிங் ஏதாவது மாற்றியிருந்தால் காப்பீட்டுக்காரரிடம் மறைக்காதே, பிறகு இழப்பீடு கேட்கும்போது மாட்டிக்கொள்வாய். முக்கியமாக, பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடு. விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடு.

அக்கா: அப்படியானால் எம்3 இல்லை, சரிதானே

பெரியண்ணன்: இல்லை என்று யாரும் சொல்லவில்லையே

அண்ணி: நான் கோல்ஃப். அவருக்கு டைப் ஆர் ஓட்டிப் பிடித்தால் அதற்கும் சம்மதம். சீட் உள்ளே நுழைந்தால்

அம்மா: எதுவானாலும் ஏறி இறங்க எனக்கு முட்டி வலிக்காமல் இருந்தால் போதும்

பெரியண்ணன்: சரி. சனிக்கிழமை காலை கோல்ஃப், அப்புறம் டைப் ஆர். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கிறேன். சித்தப்பா வருகிறீர்களா?

சித்தப்பா: வராமலா. டார்ச்சும் காற்று அளக்கிற கருவியும் கொண்டு வருகிறேன்.

அப்பா: நானும் வருகிறேன்.

சித்தப்பா: முன்சீட்டில் உட்காருங்கள் அண்ணா.

அண்ணி: மாமா, பின்சீட்டில் குழந்தை சீட் இருக்கும். அதற்கு முன்னால்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு இடம் இருந்தால் எல்லோருக்கும் இருக்கும்

அப்பா: ஆகட்டும் அம்மா.

அக்கா: என் வீட்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிப் போட்டிருக்கிறேன், காயவில்லை

பெரியண்ணன்: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எம்3காரரும் சனிக்கிழமை 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்

அண்ணி: எப்போது பேசினீர்கள்?

பெரியண்ணன்: சித்தப்பா முதல் செய்தி போடுவதற்கு முன்னால்

சித்தப்பா: போய்ப் பார்க்கலாம், தவறில்லை. பேரிங் ரசீதை முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல். டயர் எண்ணும்.

நான்: நான்கு சக்கரத்துக்கும்

அத்தை: அந்தப் படம் கிடைத்துவிட்டது. என் பீரோவுக்குப் பின்னால்தான் இருந்தது. தூசி துடைத்து அனுப்புகிறேன், அண்ணா கோபப்பட வேண்டாம்

அப்பா: அனுப்பு.

அம்மா: ஞாயிறு அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை