கூட்ட நெரிசல் ரயிலில் நடந்த, இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் உண்டா? பகிருங்கள்

செங்கை சீசன்:
சென்னையிலிருந்து விழுப்புரம் வரை 167 கி.மீ. மித அதிவேக ரயில், அதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்று 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்த நாளிலிருந்து எங்கள் பெட்டியில் இதே பேச்சுதான். எனக்கு மட்டும் ஒரு நாள் நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. காலை நேரம், நிற்க இடமில்லாத நடைமேடை. வந்தது ஏசி வண்டி. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கதவு திறந்ததும் ஏறிவிட்டார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட சீசன் டிக்கெட். உள்ளே இருந்த ஒரு பெண், "ஐயா, இது ஏசி. சாதா சீசன் செல்லாது" என்றார். அதட்டலெல்லாம் இல்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். பெரியவர் காலியாக இருந்த இருக்கைகளைப் பார்த்தார், வெளியே எங்களைப் பார்த்தார். "இவ்வளவு இடம் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. சாதா வண்டியில் 5 ரூபாயில் தொடங்கும் டிக்கெட், இதில் 35.

தண்டவாளப் பிரியன்:
பெரியவர் விஷயம் வருத்தம்தான். அதற்காக ஏசி வண்டியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பிரச்சினை தடத்தில் இருக்கிறது. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை 4 தடம், அதைத் தாண்டினால் செங்கல்பட்டு வரை 3. தென்மாவட்ட எக்ஸ்பிரஸ் எல்லாம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். 9 பெட்டியை 12 ஆக்கியாயிற்று, அதற்கு மேல் நீட்ட நடைமேடை எங்கே? நாலாவது தடம் வந்தால்தான் விடிவு. அதுவும் சும்மா வராது. சென்னைக் கடற்கரை நிலையம்–எழும்பூர் நாலாவது தடத்துக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலை (மேம்பாலத் தடத்தில் ஓடும் உள்ளூர் ரயில்) சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். திரும்பக் கடற்கரை வரை ஓட 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த நாட்களில் சிந்தாதிரிப்பேட்டை படிக்கட்டில் ஒரு அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பீச்சுக்கு எப்படிப்பா போறது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கதை அவ்வளவுதான்.

காஞ்சிப் பக்கம்:
மூன்று தடம் போதாது என்று சண்டை போடுகிறீர்கள். செங்கல்பட்டில் திரும்பி எங்கள் காஞ்சிபுரம் பக்கம் வந்து பாருங்கள், ஒற்றைத் தடம். பாலூரில் கிராஸிங்குக்கு நிறுத்தினால் எதிர் வண்டி வரும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான். ஒருநாள் வாசலில் நின்ற ஒரு பெண்ணுக்குப் போன் வந்தது. வேலைக்குப் புதிது போல. "சார், சிக்னல் விழுந்துடுச்சு சார், கிளம்பிட்டோம்" என்றாள். கண் எதிரே சிவப்பு. சொல்லும்போதும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் எல்லோருக்கும் கேட்டது, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. 167 கி.மீ. திட்டமெல்லாம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? முதலில் எங்களுக்கு இன்னொரு தடம் போடுங்கள்.

நடைமேடை நண்பர்:
நானும் தாம்பரத்தில் ஒருமுறை நெரிசலில் செருப்பைத் தொலைத்தவன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சீசனைக் கவுன்ட்டரில் வாங்காதீர்கள், மொபைலில் எடுத்துவிடுங்கள். நிலையத்துக்கு உள்ளே வந்து ஆப்பைத் திறந்தால் டிக்கெட் போடாது, வெளியே இருக்கும்போதே எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்யலாம். படிக்கட்டு இறங்கும் இடத்துக்கு எதிரே நிற்கும் பெட்டியில் ஏறவே ஏறாதீர்கள், எல்லோரும் அங்கேதான் முட்டுவார்கள். கொஞ்சம் நடந்து கடைசிப் பெட்டிக்குப் போங்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும், அதை விட்டுவிட்டுத் தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டுங்கள். அப்புறம், பெரியவர் ஏசி சீசனே எடுத்திருக்கலாமே?

செங்கை சீசன்:
நண்பரே, அந்த மனுஷன் ஏறி இறங்கியதைத்தான் சொன்னேன். டிக்கெட் எடுப்பது எப்படி என்று கேட்கவில்லை. ஏசி சீசன் என்ன விலை என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மெயின்லைன்காரன்:
எங்கள் தடத்துக்குப் பேருதான் மெயின் லைன். விழுப்புரம்–தஞ்சாவூர் இன்னும் ஒற்றைத் தடம். மின்கம்பி போட்டாயிற்று, இரண்டாவது தடம் மட்டும் கோரிக்கை மனுவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு மாலை கொண்டுபோன ஒருத்தர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வண்டி கிராஸிங்குக்கு நிற்கும்போதெல்லாம் கூடையைத் திறந்து பாட்டில் தண்ணீரைத் தெளிப்பார். சீர்காழியில் அவர் பாட்டில் காலி. என்னுடையதைக் கேட்டார், கொடுத்தேன். தெளித்து முடித்துவிட்டு மீதியை அவரே குடித்தும் விட்டார். காஞ்சிப் பக்கம் சார், நீங்கள் உங்கள் தடத்துக்கு மனு கொடுத்தால் எங்களுடையதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடலூர், மயிலாடுதுறைக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயார்.