சாரத்து மடியில் சுட்ட பற்றரி

குழு: கோண்டாவில் குடும்பம்

மாமி, காலை 6.12
ஒருவரும் பயப்பட வேண்டாம், அண்ணை நன்றாக இருக்கிறார். ஆனால் ராத்திரி நடந்ததை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எட்டரைக்குக் கறண்ட் போனது. ரோச் லைற் மங்கிவிட்டது என்று அண்ணை மாற்றுப் பற்றரியைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போயிருக்கிறார். அதே மடியில் வீட்டுத் திறப்புக் கொத்து. கொஞ்ச நேரத்தில் “சுடுது, சுடுது” என்று சத்தம் கேட்டது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து ஓடினேன்.

மாமி, காலை 6.15
சாரத்தில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை. இடுப்பில் ஒரு கொப்பளம். கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றினேன், வேறு ஒன்றும் பூசவில்லை. பற்றரியை அண்ணை மண்ணில் எறிந்துவிட்டார். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அக்கா, காலை 6.20
ஐயோ பெரியப்பா! ஆசுபத்திரிக்குப் போனீர்களா?

மாமி, காலை 6.22
ஒன்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இது அந்தப் பற்றரியின் படம், தொடாமல் எடுத்தது.

தங்கச்சி, காலை 6.31
மாமி, தண்ணீர் ஊற்றியது மிகச் சரி. அந்தப் பற்றரியை இனி ஒருவரும் ரோச்சில் போட வேண்டாம், சாஜும் பண்ண வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பொத்தான் மாதிரி இருக்கிற இடத்தைச் சுற்றி நீலப் பிளாஸ்ரிக் உறை கிழிந்திருக்கிறது, தெரிகிறதா? இந்த லிதியம் பற்றரியின் உடம்பு முழுக்க மறை முனை. பொத்தான் மட்டும்தான் நேர் முனை. இரண்டுக்கும் நடுவே வெளிப்புறத்தில் இருப்பது ஒரு மெல்லிய கடதாசி வளையமும் அந்த உறையும்தான். உறை கிழிந்த இடத்தில் திறப்பு ஒன்று குறுக்கே பட்டால் போதும், முழு மின்னும் அந்தத் திறப்பு வழியாகப் பாய்ந்துவிடும். சில நொடியில் கொதிக்கும். உறை கிழியாமல் இருந்தாலும் திறப்பு, சில்லறைக் காசு உள்ள இடத்தில் வெறும் பற்றரியை வைக்கவே கூடாது.

சித்தப்பா, காலை 6.40
தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். அண்ணை, எவரெடி காலத்திலிருந்து பற்றரியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தோமே. ஒரு நாளும் இப்படிச் சுட்டதில்லையே?

தங்கச்சி, காலை 6.44
பழைய ரோச் பற்றரியால் அவ்வளவு மின்னை ஒரே நேரத்தில் தள்ள முடியாது சித்தப்பா. அதற்குள் இருப்பது ஈரமான பசை. லிதியம் பற்றரிக்குள் இருக்கிற திரவம் எரியக்கூடியது, அதோடு அதன் மின்னோட்டமும் பல மடங்கு. நேற்று உறை மட்டும் உருகியது எங்கள் அதிர்ஷ்டம்.

பெரியப்பா, காலை 7.05
பிள்ளைகள், நான் நலம். எரிவு குறைந்துவிட்டது. மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பற்றரி இரண்டு நாளாக மதிலின் மேல் வெயிலில் இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டது, காய வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று நான்தான் வைத்தேன்.

உங்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வரவே கூடாத பொருள். ஒரு பேனா ரோச் பற்றரிக்கு அலைந்த காலம். மண்ணெண்ணெயும் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு விளக்கு எரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். தீர்ந்த பற்றரியை எறியமாட்டோம். வெயிலில் காய வைப்போம், ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம், பழையதோடு புதியதைச் சேர்த்துப் போடுவோம். இடம்பெயர்ந்து போன இரவு உங்கள் அப்பாவின் கையில் இருந்தது அப்படிக் காய வைத்த பற்றரியின் வெளிச்சம்தான். என் கை இன்னும் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை.

மாமி, காலை 7.09
ஓம் அண்ணை. நான் உங்களுக்குப் பின்னால்தான் நடந்து வந்தேன்.

தங்கச்சி, காலை 7.18
பெரியப்பா, இதை வாசித்து அழுதுவிட்டேன். அந்தக் காலத்தில் நீங்கள் செய்தது எல்லாம் சரி. அந்தப் பற்றரிக்கு வெயில் உண்மையிலேயே கொஞ்சம் உயிர் கொடுக்கும். ஆனால் அன்று உங்களைக் காப்பாற்றிய அதே பழக்கங்கள்தான் லிதியம் பற்றரிக்கு ஆபத்து. வெயில் பட்டால் இது உள்ளே கெட்டுப்போகும். துளை போட்டால் நெருப்பு. பழையதையும் புதியதையும் ஒரே ரோச்சில் வரிசையாகப் போட்டால், பலம் குறைந்தது முதலில் தீர்ந்துவிடும். மற்றது அதை எதிர்ப்பக்கமாகத் தள்ளத் தொடங்கும். அப்படித்தான் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கிறது. கடைசித் துளி வரை பிழிந்தெடுப்பதும் கூடாது. முழுச் சாஜில் 4.2 வோல்ற் இருக்கும், 3 வோல்ற்றுக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். 2.5க்கும் கீழே போய்ப் பல நாள் கிடந்ததைத் திரும்பச் சாஜ் பண்ணக் கூடாது, உள்ளே செப்பு கரைந்து ஊசி மாதிரி வளர்ந்திருக்கக்கூடும்.

உங்களிடம் இன்னும் எத்தனை பற்றரி இருக்கிறது?

பெரியப்பா, காலை 7.24
பிஸ்கற் ரின்னில் ஏழு. மூன்று, பழைய லப்ரொப்பில் இருந்து ஒரு பொடியன் கழற்றித் தந்தது. மற்ற நான்கும் ரவுணில் வாங்கினது, 9800 என்று போட்டிருக்கிறது. பெரிய இலக்கம் என்றபடியால் கூட விலை கொடுத்தேன்.

தங்கச்சி, காலை 7.26
தகர ரின்னா! பெரியப்பா, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ரேப் ஒட்டிவிட்டு, ஒரு மண்சட்டியில் உலர்ந்த மணல் போட்டு அதற்குள் வையுங்கள். சமையலறைக்கு வெளியே, நிழலில். அண்ணா, கடைக்குப் போகிற வழியில் அந்த 9800 ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் நிறுத்துப் பார்க்கிறாயா? போன மாதம் நான் உன்னிடம் தந்த சாம்சங் பற்றரியையும் நிறு.

நான், காலை 10.48
கடைத் தராசில் வைத்தேன். சாம்சங் 46 கிராம். 9800 என்று எழுதியது 27 கிராம். அளவில் இரண்டும் ஒன்றே, ஒன்றை ஒன்று பக்கத்தில் நிறுத்தினால் உயரம்கூடச் சரி. பவுணில் சொன்னால் ஒன்று ஆறு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றது மூன்றரைப் பவுண்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்தவுடனேயே தெரிகிறது, வெறும் கோது மாதிரி.

தங்கச்சி, காலை 10.55
நினைத்தேன். அந்த அளவுக்குப் பெயர் 18650. 18 மில்லிமீற்றர் அகலம், 65 மில்லிமீற்றர் நீளம், கடைசிச் சைபர் உருளை வடிவம் என்பதற்கு. அதில் எழுதுகிற இலக்கம் எவ்வளவு சாஜ் கொள்ளும் என்பதற்கு, மில்லிஅம்பியர் மணியில். இந்தப் பருமனுக்குள் நல்ல கம்பனிக்காரரே ஏறத்தாழ 3500 மில்லிஅம்பியர் மணி வரைதான் அடக்குகிறார்கள். பனசோனிக், சாம்சங், எல்ஜி, மொலிசெல் என்று எதை எடுத்தாலும் அவ்வளவுதான். அதற்கு மேலே 6000, 9800 என்று எழுதியிருந்தால் அது பொய். கூட விலை கொடுத்து வாங்கினாலும் பொய்தான். எழுத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்: நல்லது 43 முதல் 50 கிராம் வரை இருக்கும். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது, பழையதற்குப் புது உறை போட்டு விற்கிறவர்களும் உண்டு. ஆனால் 27 கிராம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அத்தான், காலை 10.58
எல்லாம் வாசித்துக்கொண்டு இருக்கிறேன். மாமா, உடம்பைப் பாருங்கள். நாங்கள் அடுத்த மாதம் வருகிறோம், நல்ல ரோச்சும் பற்றரியும் நானே கொண்டுவருகிறேன். தங்கச்சி, என்ன வாங்க வேண்டும் என்று சொல்லும். இங்கே ஒரு கடையில் ஒரு லட்சம் லூமன் என்று எழுதிய ரோச் ஒன்று மலிவாகப் போகிறது.

தங்கச்சி, காலை 11.10
அதைத் தொடவே வேண்டாம் அத்தான். லூமன் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு. கையடக்கமான ரோச் ஒன்று ஆயிரம் லூமன் எரித்தாலே ஒரு சில நிமிடத்தில் சூடேறித் தானே குறைந்துவிடும். பெட்டியில் எஃப்எல்1 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் வெளிச்சம், தூரம், எரியும் நேரம், தண்ணீர் தாங்கும் அளவு எல்லாம் ஒரே முறையில் அளந்து போட்டிருப்பார்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: தூரம் என்பது நிலவு வெளிச்சம் அளவுக்கு மங்குகிற இடம் வரைக்கும். 200 மீற்றர் என்றால் வடிவாகப் பார்க்க முடிவது அதில் அரைவாசிதான்.

இனி ஆளுக்கு ஆள் தேவை வேறு.

பெரியப்பாவுக்குத் தூரம் தேவையில்லை. கிணற்றடி, கக்கூஸ், வாசல் படலை. காலடியில் அகலமாக விழுகிற வெளிச்சம், 200, 300 லூமன் தாராளம். ஒரே ஒரு பொத்தான். நித்திரையால் எழும்பும்போது கண் கூசாத மிகக் குறைந்த வெளிச்சம் ஒன்றும் இருக்க வேண்டும். பற்றரி உள்ளேயே இருந்து, போன் சாஜரின் சி வகை வயரைச் செருகிச் சாஜ் ஏற்றுகிற மாதிரிப் பாருங்கள். அப்போது பற்றரியைத் தனியாக மடியில் கொண்டு திரிய வேலையே இல்லை.

வெளிச்சத்தின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் அடிக்கிற வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் கலந்தது, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டுகிற அளவு) 90க்கு மேல். மாரி காலத்தில் சருகுக்குள் சுருட்டைப் பாம்பு கிடந்தால், நீல வெளிச்சத்தில் சருகும் பாம்பும் ஒன்றுபோலவே தெரியும். போன வருடம் எங்கள் விடுதி வாசலில் நானே மிதிக்கப் பார்த்தேன். தோழியின் மஞ்சள் ரோச்சில்தான் அதன் முதுகுக் கோலம் தெரிந்தது.

சித்தப்பா, காலை 11.21
எனக்குத் தோட்டத்தின் மற்றக் கரை தெரிய வேண்டும் பிள்ளை. மோட்டர் கொட்டிலில் இருந்து பார்த்தால் வாய்க்கால் உடைத்திருக்கிறதா என்று.

தங்கச்சி, காலை 11.27
உங்களுக்கு ஒடுங்கிய கதிர் உள்ளது, 21700 பற்றரி போடுகிற ரோச். 21 மில்லிமீற்றர் அகலம், 70 நீளம், உண்மையாகவே 5000 மில்லிஅம்பியர் மணி தரும். பாதுகாப்புச் சுற்று உள்ள பற்றரியாகக் கேளுங்கள் அத்தான். அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், மின் ஒரேயடியாகப் பாய்ந்தாலோ சாஜ் கூடினாலோ குறைந்தாலோ தானே வெட்டிவிடும். கொஞ்சம் நீளமாக இருக்கும், ரோச்சுக்குள் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

மாமிக்கு லிதியமே வேண்டாம் என்பது என் எண்ணம். ஏஏ அளவில் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் என்ற, திரும்பத் திரும்பச் சாஜ் ஏற்றுகிற பற்றரி, எனலூப் மாதிரி. 1.2 வோல்ற். மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்தாலும் சாஜ் நிற்கும், லிதியம் மாதிரித் தீப்பிடிக்கிற பயம் இல்லை. அதே ஏஏ பருமனில் 14500 என்று ஒரு லிதியம் பற்றரியும் இருக்கிறது, அது 3.7 வோல்ற். தவறிப்போய் மணிக்கூட்டிலோ றிமோட்டிலோ போட்டால் அது எரிந்துபோகும்.

மாமி, காலை 11.33
என்னிடம் சுவரில் நேரே செருகுகிற ரோச் இருக்கிறதே, பின்னால் இரண்டு ஊசி உள்ளது?

தங்கச்சி, காலை 11.36
அதைச் சாஜில் இருக்கும்போது தொடாதீர்கள் மாமி. மலிவானவற்றில் பலதில் 230 வோல்ற்றுக்கும் உள்ளே உள்ள பற்றரிக்கும் நடுவே தடுப்பே இல்லை. கோது வெடித்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

அத்தான், காலை 11.40
பார்சல் பெட்டி ஒன்று கப்பலில் அனுப்பப் போகிறோம். பற்றரியை அதற்குள் போடட்டுமா, பாரம் குறையும்.

தங்கச்சி, காலை 11.42
வேண்டாம் அத்தான், பெட்டியில் போடவே கூடாது. விமானத்திலும் மாற்றுப் பற்றரி கைப்பைக்குள்தான் வர வேண்டும், அடியில் போகிற சூட்கேசுக்குள் அனுமதி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்ரிக் கூட்டில். ஒவ்வொன்றும் 100 வற்மணிக்குள் (உள்ளே அடங்குகிற மின்சக்தியின் அளவு) இருக்க வேண்டும், ஒரு 18650 பதின்மூன்றுகூட வராது, அதனால் பிரச்சினை இல்லை. ரோச்சின் வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள், அநேகமானவை பைக்குள் அமத்துப்பட்டாலும் எரியாது.

அக்கா, காலை 11.45
சாஜ் போடுவது எப்படி என்றும் பெரியப்பாவுக்குச் சொல்லிவிடு. அவர் கட்டிலில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுப்பார்.

தங்கச்சி, காலை 11.50
பெரியப்பா, இது மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கட்டில், பாய், நுளம்பு வலை எதுவும் பக்கத்தில் வேண்டாம். முன் விறாந்தையில் வெறும் சீமெந்துத் தரையில், பகலில், நீங்கள் விழித்திருக்கும்போது. பச்சை லைற் வந்ததும் கழற்றிவிடுங்கள். சூடாகிறது, வீங்குகிறது, இனிப்பான மணம் வருகிறது என்றால் தொடாமல் எல்லாரும் வெளியே போங்கள். புகையைச் சுவாசிக்க வேண்டாம். தூர நின்று தண்ணீரை வாளி வாளியாக ஊற்றலாம், சூட்டை இறக்குவதுதான் முக்கியம். ஆனால் சுவர்ப் பிளக்கில் செருகியிருந்தால் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும்.

பழைய பற்றரியைப் பனையோலையோடு சேர்த்துக் குப்பையில் கொளுத்திவிடாதீர்கள். நான் கொண்டுபோய் மின்கழிவு சேர்க்கிற இடத்தில் கொடுக்கிறேன்.

பெரியப்பா, பிற்பகல் 2.30
டொக்டர் மருந்து தந்தார், பயமில்லை என்றார். வந்ததும் சட்டியில் மணல் போட்டு ஆறு பற்றரியும் வைத்துவிட்டேன், ஏழாவது பற்றரி, நிறுக்கக் கொண்டுபோன தம்பியிடம். மதிலடியில் கிடந்ததையும் மாமி மண்வெட்டியால் அள்ளித் தனியாக இன்னொரு சட்டியில் போட்டுவிட்டா. சட்டி இரண்டும் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் பலா நிழலில்.

மருமகன், ஒன்று கேட்கலாமா? இருட்டில் பொத்தானைக் கைதடவிக் கண்டுபிடிக்கக் கூடியதாகப் பாரும். விரல் முன்புபோல இல்லை.

அத்தான், பிற்பகல் 2.41
கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் மாமா. பொத்தான் மேடாக உள்ளதாகப் பார்க்கிறேன்.

தங்கச்சி, பிற்பகல் 2.44
சனிக்கிழமை வோல்ற் அளக்கிற மீற்றரும் கொண்டு வருகிறேன் பெரியப்பா. லப்ரொப் பற்றரி மூன்றையும் அளந்து பார்ப்போம்.

மாமி, பிற்பகல் 2.46
மத்தியானத்துக்குள் வந்துவிடு பிள்ளை. கூழ் காய்ச்சுகிறேன்.