3 கோடி வரி சிஎஸ்வி, 4 ஜீபி லெப்டொப்: ஆர் (R) கணினி மொழி தாங்கவில்லை, யாராவது சொல்லுங்கள்

வாவிக்கரை:
மட்டக்களப்பு வாவியில் 12 உணரிகள், நிமிடத்துக்கு ஒரு வரி, 5 வருடம். உணரிக்கு வருடம் ஒரு கோப்பாக 60 சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு), எல்லாம் சேர்த்து 3 கோடியே 15 லட்சம் நிரை, 9 நிரல். எனக்கு வேண்டியது மாதவாரி உவர்த்தன்மைச் சராசரி மட்டும்தான். ரீட்.சிஎஸ்வியால் வாசித்து ஒட்டப் போனால் பாதியில் நினைவகம் போதாது என்று நின்றுவிடுகிறது.

கல்லடிப்பாலம்:
எக்செலில் பிரித்துப் போடுங்களேன்.

நிந்தவூர்_நானா:
எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 நிரைதான். 30 தாளுக்கு மேல் வேண்டும், விடுங்கள்.

தங்கச்சி, ரீட்.சிஎஸ்வி எல்லாவற்றையும் ரேமுக்குள் கொண்டு வந்துவிடும். தசம எண் ஒன்றுக்கு 8 பைட், 9 நிரலுக்கும் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.27 ஜீபி, ஒட்டும்போது பிரதியும் எடுக்கும், அப்புறம் விண்டோஸ் எங்கே இருப்பது? டேட்டா.டேபிள் தொகுப்பின் எஃப்ரீட் கட்டளையில் தேவையான 3 நிரலை மட்டும் எடுத்தால் இன்றைக்குச் சமாளிக்கலாம், ஆனால் அடுத்த கேள்விக்குத் திரும்பவும் அதே தலையிடி. ஆரோ (Arrow) என்ற ஆர் தொகுப்பை எடுங்கள். ஓப்பன்_டேட்டாசெட்டுக்கு அந்த 60 கோப்பும் உள்ள அடைவைக் காட்டி, வடிவம் சிஎஸ்வி என்றும் சொன்னால் எதையும் ஏற்றாமல் திறக்கும். ரைட்_டேட்டாசெட்டால் வருடவாரியாகப் பார்க்கெட் வகைக் கோப்புகளாக எழுதி வையுங்கள், அது நிரல் நிரலாகச் சேமிப்பதால் கேட்ட நிரலை மட்டும் வட்டிலிருந்து வாசிக்கும். குரூப்_பை, சம்மரைஸ் எல்லாம் டிப்ளையர் தொகுப்பில் உள்ள மாதிரியேதான், விடையை ரேமுக்குள் கொண்டு வரும் கலெக்ட்டைக் கடைசியில் மட்டும் போடுங்கள். 12 உணரிக்கு 60 மாதம், 720 நிரைதான் கைக்கு வரும். நாள்வாரியாகப் பிரித்துவிடாதீர்கள், ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்பாகி இன்னும் மெதுவாகும் (நான் ஒருமுறை செய்து பட்டிருக்கிறேன்).

வாவிக்கரை:
நானா, திறப்பது ஒரு நொடியில் முடிந்தது, சந்தோஷம். எழுதப் போனால்தான் முழு எண் நிரலில் '12.4' செல்லாது என்று பிழை. உவர்த்தன்மை நிரல். நோட்பேடில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

நிந்தவூர்_நானா:
முதல் கோப்பு எந்த மாதத்தில் தொடங்குகிறது?

வாவிக்கரை:
தை.

நிந்தவூர்_நானா:
அதுதான் விஷயம். ஆரோ முதல் கோப்பின் முதல் துண்டை, சுமார் 1 எம்பி, பார்த்துத்தான் நிரலின் வகையை ஊகிக்கும். நிரை 50 பைட் என்று வைத்தால் அது 20,000 நிமிடம், அதாவது இரண்டு கிழமைத் தரவு. தை மழைக்கு ஆற்று வெள்ளம் இறங்கி வாவி நல்ல தண்ணீராக இருந்திருக்கும், உவர் 0, 0, 0 என்றே வந்திருக்கும், அது முழு எண் என்று முடிவு கட்டிவிட்டது. வெயிலுக்கு உப்பு ஏறி 12.4 வந்ததும் முறுகுகிறது. ஓப்பன்_டேட்டாசெட்டுக்குள் கொல்_டைப்ஸ் = ஸ்கீமா(உவர் = ஃப்ளோட்64()) என்று சொல்லிக் கொடுங்கள். உணரி இலக்கம் 007 மாதிரி இருந்தால் அதையும் ஸ்ட்ரிங் ஆக்குங்கள், இல்லாவிட்டால் வெறும் 7 ஆகிவிடும்.

வாவிக்கரை:
சரி வந்துவிட்டது! 720 நிரை, லெப்டொப் சூடாகக்கூட இல்லை. மேற்பார்வையாளர் இப்போது இடையமும் கேட்கிறார்.

கல்லடிப்பாலம்:
ஆரோ மீடியன் தோராயமாகத்தான் தரும், எச்சரிக்கையும் காட்டும். சரியான எண் வேண்டுமென்றால் டு_டக்டிபி வழியாக டக்டிபி தரவுத்தளத்துக்கு அனுப்பிக் கணக்கிடுங்கள். எக்செல் சொன்னதற்கு இது பிராயச்சித்தம்.

வாவிக்கரை:
நன்றி அண்ணா. இப்போதுதான் பார்த்தேன், முதல் கோப்பு வவுணதீவுப் பக்க உணரியுடையது. முகத்துவாரத்து உணரிக்குத் தையிலும் தசமம் இருக்கிறது, பெயர் வரிசையில் அது முன்னால் வந்திருந்தால் இந்தப் பிழையையே நான் கண்டிருக்க மாட்டேன்.