நெப்போலியன் படைவீரர் பீங்கான் சிலைகள்: அக்காலத்தவையா, பிற்காலப் பிரதிகளா?

கேள்வி:
வணக்கம். பாரிஸில் பழம்பொருள் சந்தை ஒன்றில், நெப்போலியனின் காவற்படை வீரன் ஒருவனின் பீங்கான் சிலை விலைக்கு வந்திருக்கிறது. உயரமான கரடித்தோல் தொப்பி, நீல மேலங்கி, தோள்களில் சிவப்புக் குஞ்சங்கள், கையில் துப்பாக்கி. அடிப்பாகத்தில் நீல நிறத்தில் ஒரு கிரீடமும் அதன் கீழே ‘என்’ என்ற ரோமன் எழுத்தும் உள்ளன. அந்த எழுத்து நெப்போலியனைக் குறிக்கிறது என்றும், சிலை 1810 வாக்கில் செய்யப்பட்டது என்றும் விற்பவர் சொல்கிறார். பொத்தான்களில் உள்ள பொன் மிகவும் பளபளக்கிறது. வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதல் மறுமொழி:
வணக்கம். அந்த எழுத்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைக் குறிப்பது; நெப்போலியனை அல்ல. 1771-இல் நான்காம் பெர்டினாண்டு மன்னர் அங்கே நிறுவிய அரச ஆலையின் முத்திரை அது. அதைப் பிற்காலத்தில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பல ஆலைகள் தாராளமாகப் பயன்படுத்தின. ‘கப்போடிமோண்டே’ என்ற பெயரில் விற்கப்படும் போர்வீரர் சிலைகள் பெரும்பாலானவற்றில் இதே முத்திரைதான் இருக்கும். ஆனால் நேப்பிள்ஸில் இருந்த உண்மையான கப்போடிமோண்டே பீங்கான் ஆலை 1743 முதல் 1759 வரை மட்டுமே இயங்கியது. அதன் முத்திரை லில்லி மலர். அது மூடப்பட்டபோது நெப்போலியன் பிறக்கவே இல்லை. ஆகவே இந்த முத்திரையை வைத்து 1810 என்று சொல்வதற்கு இடமில்லை.

இரண்டாம் மறுமொழி:
முத்திரையைப் போலியாக இடுவது எளிது என்பதால், நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பொன்னைப் பாருங்கள். தேய்த்து மெருகேற்றாமல் சூளையிலிருந்து வரும்போதே பளபளக்கும் திரவப் பொன், 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் மைசென் பீங்கான் ஆலையில்தான் உருவானது. அதற்கு முந்தைய பொன் அடர்த்தியாகவும் சற்று மங்கிய மென்மையுடனும் இருக்கும். நீங்கள் சொல்லும் கண்ணாடிப் பளபளப்பு, பிற்காலப் பொருளென்றே எண்ண வைக்கிறது.

அடுத்தது அளவு. பீங்கான் சூளையில் வேகும்போது கணிசமாகச் சுருங்கும். பழைய சிலை ஒன்றின் மேலேயே அச்செடுத்து வார்த்த பிரதி, மூலத்தைவிடக் குட்டையாகத்தான் வரும். அதோடு நுணுக்கங்களும் மழுங்கிவிடும். தொப்பியின் முன்தகட்டில் உள்ள கழுகை உருப்பெருக்கியில் பாருங்கள். இறகுகள் தனித்தனியே தெரியாமல் ஒரு மேடாக மட்டும் இருந்து, மேலே தீட்டிய கோடுகளே கழுகாகத் தோன்றினால், அது அச்சுக்கு மேல் அச்செடுத்த பிரதியாக இருக்கக்கூடும். அருங்காட்சியகப் பட்டியல்களில் இதே உருவத்தின் உயரம் கிடைத்தால் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் மறுமொழி:
அடிப்பாகத்தை விரலால் தடவியும் பாருங்கள். பூச்சு வழுவழுப்பாக இருக்க, ஓரிடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அங்கே நாட்டின் பெயர் இருந்து தேய்த்து அழிக்கப்பட்டிருக்கலாம். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால், அந்நாட்டிற்கு ஏற்றுமதியான பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டியிருந்தது. ஆனால், பெயர் இல்லை என்பதாலேயே ஒரு சிலை அதற்கு முற்பட்டது ஆகிவிடாது. ஐரோப்பாவுக்குள்ளேயே விற்கப்பட்டவை ஏராளம். கருவிளக்கொளியில், அதாவது புற ஊதா விளக்கின் ஒளியில் பார்த்தால், உடைந்து ஒட்டிய இடங்களும் புதிதாகத் தீட்டிய இடங்களும் வேறு நிறத்தில் ஒளிரும். குறிப்பாகத் துப்பாக்கிக் குழலையும் விரல்களையும் பாருங்கள், முதலில் உடைவது அவைதான்.

ஒரு வேண்டுகோள்: பிற்காலத்தது என்று தெரிந்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியைச் சேர்ந்த ஷைபே-அல்ஸ்பாக் பீங்கான் ஆலை நெப்போலியனையும் அவருடைய தளபதிகளையும் மிகுந்த நேர்த்தியோடு செய்திருக்கிறது; அவற்றை விரும்பிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். 1810-இன் விலையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். இருபதாம் நூற்றாண்டுப் பொருளுக்குரிய விலைக்கு இறங்கி வந்தால், முகத்தின் வேலைப்பாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.