ரயில்வே வேலையால் கேன்சர், ஃபீலா கேஸ்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மீனா_இல்லினாய்ஸ்

ஃபீலா என்பது, வேலையில் அடிபட்ட அல்லது வேலையால் நோய் வந்த ரயில்வே தொழிலாளி கம்பெனி மேல் கேஸ் போட வழிசெய்யும் அமெரிக்கச் சட்டம். அந்தக் கேஸ் எடுக்கும் ஒரு வக்கீல் ஆபீஸில் ஆறு வருஷம் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளராக இருந்தேன். ரெக்கார்டுகளை வரவழைத்துப் படிப்பதுதான் என் வேலை. ஆஸ்பத்திரி ஃபைல், ரயில்ரோட் ரிட்டயர்மென்ட் போர்டிலிருந்து வரும் சர்வீஸ் கணக்கு, ஸ்கேன் சிடி. ஆளைப் பார்ப்பது அபூர்வம். கேஸ் விஷயமாக வந்த ஒரு அம்மாவை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் பிரேக்மேனாகச் சேர்ந்து கண்டக்டராக ரிட்டயர் ஆனவர். 34 வருஷ சர்வீஸ். நுரையீரல் கேன்சரில் போய்விட்டார். அந்தம்மா ஒரு பூட்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே 31 டைம் புக். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு. ஓடின மணிக்குச் சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்க ரயில்காரர்கள் தாங்களே எழுதி வைத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, எஞ்சின் நம்பர், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம். எல்லாம் பென்சில். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் இரண்டு வார்த்தை, ‘கேபில் புகை’ (கேப் என்றால் எஞ்சினில் ஆள் உட்காரும் அறை). உட்கார்ந்து எண்ணினேன், 212 இடத்தில் இருந்தது. பெரும்பாலும் இரண்டாவது எஞ்சினில் உட்கார்ந்து போன நாட்கள். முன்னால் ஓடும் எஞ்சினின் புகை முழுக்க அதற்குள்தான் வரும்.

இப்படி ஒரு ஆதாரம் யாரிடமும் இருக்காது. வருகிறவர்கள் எல்லாரும் ஞாபகத்திலிருந்துதான் சொல்வார்கள். எங்கள் வக்கீல் அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஃபைல் வந்தது, 1,140 பக்கம். பாதி தாண்டி எங்கேயோ நுரையீரல் டாக்டர் எழுதிய குறிப்பு ஒன்று. வேலையில் சுவாசித்த டீசல் புகையால்தான் தனக்கு இது வந்தது என்று நோயாளி சொல்கிறார். அவ்வளவுதான், ஒரு வரி. தேதியைப் பார்த்தேன். அவர் இறப்பதற்கு மூன்று வருஷம் எட்டு மாதம் முந்தையது.

ஃபீலாவில் கெடு மூன்று வருஷம். மெல்ல வரும் நோய்க்கு, நோயும் அது வேலையால் வந்தது என்பதும் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. 1949-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை ஒட்டி வந்த கணக்கு அது. சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன ஒரு ஃபயர்மேனின் (நீராவி எஞ்சினின் அடுப்பைக் கவனிப்பவர்) கேஸ். அந்த ஆளைக் காப்பாற்றிய கணக்கு இந்த ஆளை முடித்துவிட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே கெடு தாண்டிவிட்டதென்றால், அவர் இறந்ததற்காக மனைவியும் கேஸ் போட முடியாது.

அந்தப் பக்கத்தை அந்தம்மாவிடம் காட்டி, கேஸ் நிற்காது என்று வக்கீல் விளக்கினார். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அந்த வரி மேல் விரலை வைத்து, “இதை அவரே டாக்டர்கிட்ட சொன்னாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றார். பிறகு அதற்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து டைம் புக்குகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வரியைத் தேடி எடுத்தது நான். நான் எடுக்காவிட்டால் கம்பெனி வக்கீல் எடுத்திருப்பார், தெரியும். இருந்தாலும் அந்த விரல் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்டெல்லா_பென்சில்வேனியா

மீனா, அந்த மாதிரி வரி நாங்க தினமும் எழுதறோம். பேஷன்ட் சொல்றதை அப்படியே எழுதுன்னுதான் நர்சிங்ல சொல்லிக் கொடுத்தாங்க. அது கோர்ட்டுக்குப் போகும்னு யாரும் சொல்லல.

என்னோட பேஷன்ட் ரயில்வேல ஒரு நாள்கூட வேலை பார்க்காத பாட்டி. மீசோதீலியோமா, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால நுரையீரல் உறையில வர்ற கேன்சர். வீட்டுக்காரர் நீராவி எஞ்சின் காலத்துல இருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவர், பாய்லர் மேல ஆஸ்பெஸ்டாஸ் பூசறது, உரிக்கறது. அவருக்கு ஒண்ணும் வரல, ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். தினமும் அவரோட ஓவரால்ஸைக் கொல்லைப் படிக்கட்டுல நின்னு உதறிட்டுத்தான் துவைக்கப் போடுவாங்களாம். எப்படின்னு காட்டறேன்னு ஆஸ்பத்திரிப் போர்வையைத் தூக்கி ரெண்டு உதறு உதறினாங்க. மூணாவது உதறல்ல கை அப்படியே நின்னுடுச்சு. போர்வையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அதுவரைக்கும் அவங்களுக்குத் தோணவே இல்லைன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

ஃபீலா தொழிலாளிக்கு மட்டும்தான், பெண்டாட்டிக்குக் கிடையாது, மாநிலச் சட்டத்துல தனியா போகணும்னு அவங்க பையன் சொன்னார். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல.

ராகவன்_ஐஎச்

மீனா, அவர் சிகரெட் பிடித்தாரா என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே அதுதான். 212 நாள் புகை என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஃபீலாவே கொடுமையான சட்டம் என்ற எண்ணமும் வந்துவிடும். 1908-ல் வந்த சட்டம் இது. மற்ற தொழிலாளிகளுக்குக் கிடைக்கும் காம்பன்சேஷனில் வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பணம் கிடையாது, இதில் உண்டு. கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று காட்ட வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தக் கவனக்குறைவு நோய்க்குத் துளி காரணமாக இருந்தால்கூடப் போதும் என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2011-ல் மறுபடியும் உறுதி செய்தது.

நான் தொழிற்சாலைக் காற்றை அளப்பவன். கம்பெனிகள் கூப்பிட்டுப் போயிருக்கிறேன். 2008 ஜனவரியில் ஒரு டீசல் ஷெட். காற்றை இழுத்துப் பிடிக்க இடுப்பில் மாட்டும் சின்ன பம்ப்பை ஒரு எலக்ட்ரீஷியனுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது, ஷெட்டின் பெரிய கதவுகள் ஆறும் திறந்திருந்தன. அவர் கதவைப் பார்த்துவிட்டு என்னிடம், “இங்கே 22 குளிர்காலம் பார்த்தாச்சு, ஜனவரியில் இந்தக் கதவு திறந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். ‘கதவுகள் திறந்திருந்தன’ என்று என் அறிக்கையில் எழுதினேன். அவர் சொன்னதை எழுதவில்லை.

குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் இருந்திருந்தால் இதையெல்லாம் இப்போதே செய்யுங்கள். எந்த வருஷம், எந்த யார்டு, என்ன எஞ்சின், கூட யார் யார் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கூட வேலை பார்த்தவர்தான் சாட்சி, அவருக்கும் வயதாகிறது. டீசல் புகையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ், ஜல்லித் தூசியில் சிலிக்கா, ஸ்லீப்பர் கட்டையில் பூசும் கிரியோசோட் எண்ணெய், வெல்டிங் புகை, எல்லாவற்றையும் கேளுங்கள். டீசல் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-ல் ‘அநேகமாக’ என்ற வரிசையில்தான் வைத்தது, 2012 ஜூனில்தான் ‘நிச்சயம்’ என்ற முதல் வரிசைக்கு ஏற்றியது. ரயில்வே தொழிலாளிகள் 54,973 பேரை 1959 முதல் 1996 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், வண்டி ஓட்டும் குழுவில் இருந்தவர்களுக்கு நுரையீரல் கேன்சர் சாவு 40 சதவீதம் கூடுதல். வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் கேளுங்கள். இன்னொன்று: முதுகுவலிக்கோ காது கேளாமைக்கோ கம்பெனி கொடுக்கும் செட்டில்மென்ட் காகிதத்தில் வருங்கால நோய்களையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்தி இருக்கலாம். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, வேலையால் வந்ததோ என்று டாக்டரிடம் வாயைத் திறக்கிற அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

மீனா_இல்லினாய்ஸ்

ராகவன் சார், சிகரெட் பிடித்தார். 1983-ல் விட்டார். அதுவும் டைம் புக்கில் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிக்குக் கீழே ‘இன்றோடு சிகரெட் இல்லை’ என்று. சிகரெட் பிடித்தவர் என்பதால் கேஸ் செத்துவிடாது, ஜூரி அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு தருவார்கள். எங்கள் கேஸ் அதனால் போகவில்லை.

அந்த எலக்ட்ரீஷியன் சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

ராகவன்_ஐஎச்

கேட்கலாம். அறிக்கையில் அளவும் நிலைமையும் மட்டும்தான் வர வேண்டும், தொழிலாளி சொன்னது வரக்கூடாது என்று மேலதிகாரி சொன்னார். எனக்கு அப்போது 29 வயது. இன்றைக்கென்றால் எழுதுவேன். அந்த அறிக்கையைப் பிற்பாடு யாராவது கோர்ட்டில் நீட்டினார்களா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கணேசன்_திருச்சி

அமெரிக்கா கதைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்கப்பா நம்ம பக்கம் ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பாய்லர் செக்‌ஷன்ல ஃபிட்டர், 36 வருஷம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு, கல்நார் மெத்தை எல்லாம் வெறுங்கையில. கடைசில மூச்சு வாங்க ஆரம்பிச்சு, பயாப்ஸி எடுத்து மீசோதீலியோமான்னாங்க.

மீனா அக்கா சொன்ன டாக்டர் ஒரு வரி எழுதினார். எங்க டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, பீடியா சிகரெட்டான்னு. மீசோதீலியோமாவுக்கும் பீடிக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். அப்பா பீடின்னாங்க. அப்புறம், “சார், நான் பாய்லர்ல…”ன்னு ஆரம்பிச்சாங்க. அவர் அடுத்த கார்டைக் கையில எடுத்துட்டார். அப்பா சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. கார்டுல ‘பீடி, நாளுக்கு 1 கட்டு’ன்னு இருக்கு. தொழில்ங்கற இடத்துல ‘ஓய்வு’.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 2025 வரைக்கும் இருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில கல்நாரால வர்ற நுரையீரல் கேன்சரும் மீசோதீலியோமாவும் இருந்துச்சு. கல்நார் ஃபேக்டரிங்க தொழிலாளியோட உடல்நல ரெக்கார்டை வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லாட்டி ரிட்டயர் ஆகி 15 வருஷம், எது பிந்தியோ அதுவரைக்கும் வச்சிருக்கணும்னு 1995-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. எங்களுக்கு இது எதுவும் தெரியாது. யூனியன்காரங்க பென்ஷன் விஷயம் மட்டும்தான் பேசினாங்க.

ராகவன்_ஐஎச்

கணேசன், அந்தக் கார்டைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்ய வேண்டாம். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சர்வீஸ் புத்தக நகலையும் சேர்த்துத் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுங்கள். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஏற்க அவருக்கு அதிகாரம் உண்டு. அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்பாவுக்கு இப்போது எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்கள்?

கணேசன்_திருச்சி

அப்பா 2016-லயே போயிட்டாங்க சார். அதே செக்‌ஷன்ல இருந்த மாமா ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்காங்க, அவங்களும் இருமறாங்க. நாளைக்குக் காலையில போய்ப் பார்க்கறேன்.