ஓமந்தூரார் வளாகம்: மக்கள் பணம் வீணானதா, இல்லையா?

கதிர்_தஞ்சை:
அண்ணா சாலையில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று கட்டி, 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அடுத்த வருஷமே ஆட்சி மாறியது, சட்டமன்றம் பழையபடி புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்விட்டது. கொட்டிய வரிப்பணத்துக்கு யார் பதில் சொல்வது?

மீனா:
வீண் என்று எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி? 2014-லிருந்து அங்கே அரசு பன்னோக்கு மருத்துவமனை நடக்கிறது. என் அப்பாவுக்கு ஆஞ்சியோ அங்கேதான் செய்தோம். காப்பீட்டு அட்டையைக் காட்டினோம், கையிலிருந்து ஒரு ரூபாய் செலவில்லை. கொரோனா வந்தபோது எத்தனை பேருக்கு அங்கே படுக்கை கிடைத்தது!

கதிர்_தஞ்சை:
அப்பா நல்லா இருக்கட்டும் அக்கா. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2023-ல் கிண்டியில் 230 கோடியில் 1000 படுக்கையோடு கட்டவில்லையா? ஆஸ்பத்திரிக்கென்றே வரைபடம் போட்டால் அப்படிக் கட்டலாம். எம்.எல்.ஏ.க்கள் உட்காரக் கட்டியதை உடைத்து ஆபரேஷன் தியேட்டர் ஆக்கியது இரண்டாவது செலவு. இங்கே கோட்டையிலோ இடமே போதவில்லை. 2020-ல் இடைவெளி விட்டு உட்கார முடியாமல் சட்டமன்றம் கலைவாணர் அரங்கத்துக்குப் போனது. அது ஓமந்தூரார் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

முருகவேல்:
பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதிர், திறந்தவர்களையும் கேளுங்கள். மேலே குவிமாடம் முடியவில்லை, சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து செட் போட்டுத் திறப்பு விழா நடத்தினார்கள். வேலை முடியும் முன்னே நாள் குறிப்பதுதான் எல்லாச் செலவுக்கும் தொடக்கம். பிறகு, கட்டியதில் முறைகேடு என்று 2011-ல் நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். 2015-ல் அதற்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் ஆணையத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்ததை 2018-ல் உயர் நீதிமன்றமே கண்டித்தது. வீணடிப்பை விசாரிக்கவும் நம் பணம்தான்.

மீனா:
ஆணையம் விஷயத்தில் ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கட்டடத்தைப் பூட்டிவைக்காமல் ஏழைகளுக்குக் கொடுத்ததை மட்டும் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கதிர்_தஞ்சை:
ஒன்று கேட்கிறேன் அக்கா. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தையும் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆக்கப்போவதாக 2011 நவம்பரில் அறிவித்தார்களே. உயர் நீதிமன்றம் தடுத்திருக்காவிட்டால், அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்திருப்பீர்களா?

மீனா:
இல்லை. என் மகள் டிஎன்பிஎஸ்சி-க்குப் படித்தது அந்த நூலகத்தில்தான். அதை எடுத்திருந்தால் நானும் தெருவில் நின்றிருப்பேன். ஆனால் ஓமந்தூராரை விட்டுப் போனவர்களுக்குக் கோட்டை இருந்தது தம்பி. என் அப்பாவுக்குப் போக வேறு இடம் இல்லை.